சூளைக்குப் போய் வந்த டிரம்

ஆலயத்தில் டிரம்ஸ் வாசிப்பவரைத் தாளம் பிசகும்போது மட்டுமே சபை திரும்பிப் பார்க்கும். என்னைப்போல் பாடகர்களுக்குப் பின்னால், மூலையில் அமர்ந்து டிரம்ஸ் அடிக்கும் உங்களுக்கு இது புதிதல்ல.

ஈரத்தின் வேலை

விருத்தாசலம் ரயில்வே குடியிருப்பில் ஒரு காலத்தில் நடன விருந்துகளுக்கு வாசிக்கப்பட்ட டிரம் செட், கைமாறிக் கைமாறி அதே ஊரிலுள்ள எங்கள் ஆலயத்துக்கு வந்து சேர்ந்தது. இக்காலத்து பிளாஸ்டிக் அல்ல, கன்றுத்தோல் போர்த்தியது. பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அந்தத் தோல் தீராத வியப்பு: வெயிலில் விறைக்கும், ஈரத்தில் தளரும். கார்த்திகை மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிறன்று, எவ்வளவு முறுக்கியும் அது தொப்பென்றே ஒலித்தது.

டிரம்ஸுக்குப் பதிலாக, மின்சாரத்தில் ஒலிக்கும் எலக்ட்ரானிக் பேடு வாங்கலாமா என்று சபைக் குழு யோசித்துக்கொண்டிருந்த நேரம். ஆராதனை முடிந்ததும் செயலர் நேரே என்னிடம் வந்தார்.

“டீச்சர், நனைஞ்ச அட்டைப்பொட்டிய தட்டுற மாதிரி இருக்குதுங்க. கிறிஸ்துமஸ்லயும் இப்படித்தான்னா, இத தூக்கிட்டு பேடு வாங்கிடுவோம்.”

தரம் பிரித்தல்

எங்கள் சபையில் பலர் பீங்கான் பட்டறைகளில் வேலை செய்பவர்கள். சூளையிலிருந்து வரும் கோப்பையை விரல் முட்டியால் தட்டுவார்கள். மணிபோல் ஒலித்தால் நல்லது, மந்தமாக ஒலித்தால் விரிசல். பட்டறையில் தரம் பிரிக்கும் ஸ்டெல்லா அக்கா, செயலரின் எதிரிலேயே என் டிரம்களை அவ்வாறே தட்டத் தொடங்கினார். காலால் மிதித்து அடிக்கும் பெரிய டிரம்மினுள், ஓசை நீளாதிருக்க நானே ஒரு போர்வையைத் திணித்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது. செயலரும் தலையாட்டினார்.

“உள்ள விரிசல் டீச்சர். எங்க பட்டறையா இருந்தா ஒடச்சி கொட்டியிருப்போம்.”

அரை வேக்காடு

போர்வையை வெளியே இழுத்துக் காட்டிய பிறகு அக்கா சிரித்துவிட்டார். தளர்ந்துபோன சிறிய டிரம்மைத் தாமே உலர்த்தித் தருவதாகவும் சொன்னார். இன்னும் சுடாத பச்சைக் கோப்பைகள் உலரும் கொட்டகையில், சூளையிலிருந்து எட்டவே வைக்குமாறு கேட்டுக்கொண்டேன். கிறிஸ்துமஸ் காலையில் பழைய சேலையில் சுற்றி அதைக் கொண்டுவந்தார். இன்னும் சூடாக இருந்தது. குச்சியால் தொட்டேன், வெண்கலத் தட்டுப்போலக் கிண்ணென்றது. தளர்த்திச் சரிசெய்ய நேரமில்லை; மணி அடித்துவிட்டார்கள்.

“நீங்க சொன்னத வுட கொஞ்சம் கிட்டக்க வெச்சேன் டீச்சர். அரை வேக்காடா எடுத்தா எனக்கு மனசு கேக்காது.”

கிறிஸ்துமஸ் ஆராதனை

முதல் பாடலில் என் ஒவ்வோர் அடிக்கும் சபை திடுக்கிட்டுத் துள்ளியது. செயலர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். ஸ்டெல்லா அக்காவின் முகத்தில் மட்டும் பெருமிதம். அவர் காதுக்கு அது விரிசலற்ற ஓசை. வாசித்தபடியே நான் ஆலயத்தை நோக்கினேன்: நனைந்த குடைகள், ஈரச் சேலைகள், நெருக்கியடித்து அமர்ந்த கூட்டத்தின் மூச்சு. இத்தனை ஈரத்தையும் தோல் குடித்துத்தானே ஆகவேண்டும்? அடுத்தடுத்த பாடல்களில் ஓசை படிப்படியாக இறங்கியது. பிரசங்கத்துக்குப் பின் வந்த கடைசிப் பாடலில், நான் நெடுநாள் தேடிய இடத்தில் வந்து நின்றது. சபை முழுவதும் கைதட்டிப் பாடியது, செயலரும் பாடினார்.

பிறகு அவர் வந்து, விரல் முட்டியால் டிரம்மைத் தட்டிப் பார்த்தார்.

“பேடு இப்ப வேணாங்க டீச்சர். ஆனா அடுத்த மழைக்கு, மொத நாளே இத சூளைக்கு அனுப்பிடுங்க.”

விருத்தாசலத்தில் எந்தப் பொருளுக்கும் சூளைக்குப் போய் வந்த பிறகுதான் மதிப்பு என்பதை, இயற்பியல் படித்த நான் ஒரு டிரம்மை அனுப்பித் தெரிந்துகொண்டேன்.