ஆடி கழியட்டும்

அந்த ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்தே கிடந்தது. சித்தப்பா வாடகைக்கு இருந்த வீட்டின் மாடியில் இன்னொரு குடும்பம் குடியிருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோய், உடலைக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டுக்காரர் கேட்டைச் சாத்திவிட்டு உள்ளே நின்றுகொண்டு, ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: "தப்பா நெனைக்காதீக. உள்ள எறக்க வேணாம். நாளைக்கு வேற ஆளுக குடிவரணும்ல." சொந்தக்காரர்கள் இரண்டிரண்டு பேராக வண்டிக்குள் ஏறி முகம் பார்த்துவிட்டு இறங்கினார்கள். இறந்தவரின் மனைவிக்குத் தெருவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வெயில் ஏற ஏற, சித்தப்பா தன் குடையை எடுத்துவந்து அந்த அம்மாவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி கல்லறைக்குக் கிளம்பும்வரை அவர் குடையைக் கை மாற்றக்கூட இல்லை.

சாயங்காலம் என்னிடம் சொன்னார்: "பாப்பா, ஒரு வீடு பாக்கணும். சின்னதா இருந்தாப் போதும். ஹால்ல மட்டும் ஒரு ஆளு கால நீட்டிப் படுக்க எடம் இருக்கணும்." யார் படுக்க என்று சித்தி கேட்டார். சித்தப்பா காப்பி கேட்டார். சித்திக்குப் புரிந்துவிட்டது. எனக்கும்தான்.

சித்தப்பா பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் படிக்கவைத்து, அத்தைகளைக் கரையேற்றியதில் தனக்கென்று ஒரு சுவர் எழுப்ப அவருக்கு வாய்க்கவில்லை. பிள்ளைகளும் இல்லை. எனக்கு நாற்பது வயது தாண்டிய பிறகும் நான் அவருக்குப் பாப்பாதான். திண்டுக்கல்லில் அவர் மாறாத தெரு இல்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஆணி அடிக்கக்கூடாது, தண்ணீரை அதிகம் செலவழிக்கக்கூடாது என்று ஏதாவது ஒரு சட்டம் இருக்கும். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்ட மனுஷர், சாவுக்கும் ஒரு சட்டம் உண்டு என்பதை அந்த ஆம்புலன்ஸைப் பார்த்த பிறகுதான் மனசுக்குள் வாங்கிக்கொண்டார். அவருக்கு ஏற்கெனவே இதயம் பழுது. நேரம் கொஞ்சம்தான் இருக்கிறது என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பேசிக்கொண்டதில்லை.

வீடு அமைந்தது, அந்த வருஷத்து ஈஸ்டர் முடிந்ததும். வத்தலக்குண்டு ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற ஒரு தெருவில் இருந்தது. விற்றவர் கன்னிவாடிப் பக்கம் முருங்கை போட்டிருக்கும் ஒரு விவசாயி. பிள்ளைகள் படிப்புக்காக அவருடைய அய்யா வாங்கிப்போட்ட வீடு அது. அவரை நாங்கள் கன்னிவாடிக்காரர் என்றே சொல்லிக்கொள்வோம். முதல்நாள் அவர் கதவைத் திறந்துவிட்டதும், சித்தப்பா சமையலறையையும் பார்க்கவில்லை, கிணற்றையும் பார்க்கவில்லை. தோள்துண்டை உதறி ஹால் நடுவில் விரித்து, மல்லாக்கப் படுத்துவிட்டார். "என்ன கூத்து இது, எந்திரிங்க" என்று சித்தி பதறினார். "செத்த நேரம் இரு. சுத்தி ஆளுக உக்காரவும் எடம் இருக்கா பாரு" என்றார் இவர், கண்ணை மூடிக்கொண்டே. கன்னிவாடிக்காரர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "காத்து நல்லா வரும் சார்" என்று மட்டும் சொன்னார்.

அன்றைக்கே விலை படிந்துவிட்டது. இரண்டு பேருமே பேரம் பேசக் கூச்சப்படுகிறவர்கள். ஆனால் பட்டா இன்னும் அவருடைய அய்யா பேரிலேயே இருந்தது. அதை மாற்ற வாரிசு சான்றிதழ் வேண்டும். அது கைக்கு வந்தபோது ஆனி முடிகிற தறுவாயில் இருந்தோம். மறுநாளே கிரயம் பண்ணிவிடலாம் என்று நான் துள்ளினேன். சித்தப்பாதான் தடுத்தார்.

"வேணாம் பாப்பா. அவுக சம்சாரிக் குடும்பம். ஆடி பொறக்கப்போகுது. நாம கேட்டா மாட்டேன்னு சொல்ல அவுகளுக்கு வாய் வராது. நாமளாத்தான் தெரிஞ்சு நடந்துக்கணும்." சொன்ன கையோடு போன் போட்டார். "ஆடி கழியட்டுங்க. அவசரமில்ல." அந்தப் பக்கத்திலிருந்து, "சரிங்க சார், ஒங்க பிரியம்" என்று பதில் வந்தது. எங்களுக்கு ஏதடா ஆடி என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அவருடைய முகத்தில் ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன்.

ஆவணியில் போனால், பட்டாவில் இருந்த அளவும் பத்திரத்தில் இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. சர்வேயருக்கு எழுதிக் கொடுத்தோம். சர்வேயர் வரவேண்டிய நாளெல்லாம் மழை பெய்தது. மழை விட்ட நாளில் அவர் விடுப்பில் இருந்தார். நானும் சித்தப்பாவும் தாலுகா ஆபீஸ் படியில் உட்கார்ந்து பாதி உலக விஷயத்தைப் பேசி முடித்தோம். யாரும் எங்களை விரட்டவில்லை. யாரிடமும் சண்டை போடக் காரணமும் இல்லை. நாளைக்கு வாருங்கள் என்றார்கள், நாங்களும் போனோம். ஒருவழியாக அளந்து முடித்தபோது மார்கழி. மறுபடியும் சித்தப்பா, மறுபடியும் போன், மறுபடியும் "ஒங்க பிரியம்". தை பிறந்ததும் ஊரே கிளம்பிப் பதிவு ஆபீஸுக்கு வந்துவிட்டது. நல்ல நாளுக்கெல்லாம் டோக்கன் தீர்ந்திருந்தது. கிடைத்த ஒரு நாளில், மத்தியானம்வரை காத்திருந்து எங்கள் முறை வந்ததும் சர்வர் வேலை செய்யவில்லை. சித்தப்பாவுக்கு அப்போதே மூச்சு இரைத்தது. படியில் இறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த டோக்கன் போடலாம் என்று இருந்தபோது, சாம்பல் புதனன்று கன்னிவாடிக்காரரே போன் செய்தார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "தபசு காலம் ஆரம்பிச்சிருச்சுல்ல சார். ஒங்க ஆளுக இப்ப நல்லது கெட்டது வச்சுக்கிற மாட்டீகன்னு சொன்னாங்க. ஈஸ்டர் பாஸ்கா முடியட்டும் சார், நான் எங்க போயிறப்போறேன்." தவக்காலத்தில் கல்யாணம்தான் வைக்க மாட்டோம், கிரயத்துக்கு ஒரு தடையும் இல்லை என்று சொல்லுங்கள் என நான் கையால் ஜாடை காட்டினேன். சித்தப்பா என்னைப் பார்த்தார். "ரொம்ப சந்தோசங்க. அப்படியே செய்வோம்" என்று சொல்லிவிட்டு வைத்தார். "அம்புட்டு மதிச்சுச் சொல்றாரு. அதெல்லாம் இல்லன்னு எப்பிடிச் சொல்றது" என்று கேட்டார். நல்ல மனுஷர்கள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றால், நடுவில் இருப்பவர் யாரைத் தள்ளுவது.

பாஸ்கா வரவில்லை. அதாவது, சித்தப்பாவுக்கு வரவில்லை. தவக்காலத்தின் நடுவில் ஒரு காலையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மறுநாள் அவர் இல்லை. வாடகை வீட்டுக்காரருக்கு நான்தான் போன் செய்தேன். என்ன சொல்வார் என்று தெரிந்தும் செய்தேன். "சார் மாதிரி ஒரு மனுசர் கெடைக்க மாட்டாரும்மா" என்று ஆரம்பித்தார். மீதியை நான் கேட்கவில்லை.

உடலை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாதா கோவிலுக்குக் கொண்டுபோனோம். தவக்காலத்து ஊதாத் துணி போட்டிருந்த பீடத்துக்கு நேராக, வெளிவாசல் ஓரத்தில் வைத்தோம். அடுத்த பூசைக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால் சித்தியால் ஆற அமர அழக்கூட முடியவில்லை. எனக்கு நெஞ்சு முழுக்கக் கோபம், யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

கன்னிவாடிக்காரர் மாலையோடு மொபெட்டில் வந்து சேர்ந்தபோது நாங்கள் கல்லறைத் தோட்டத்தில் இருந்தோம். மண் போட்டு முடித்த பிறகு என்னிடம் வந்தார்.

"ஏம்மா, கோயில்ல வச்சீகளாமே. வீட்டுல வைக்கலயா?"

"வாடகை வீட்டுல விடல."

"நான் அதக் கேக்கல. நம்ம வீட்டுல."

"இன்னும் கிரயம் ஆகலயே. விக்காத வீட்டுல சாவ வைக்கிறோம்னு சொன்னா ஒங்களுக்கு மனசு ஒரு மாதிரி இருக்கும்னுதான்."

அவர் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார், பார்த்தார், திரும்பவும் பையிலேயே போட்டுக்கொண்டார். "எங்கய்யாவ அந்த ஹால்லதாம்மா போட்டு வச்சிருந்தோம். சார் மொத நா வந்து படுத்தாரே, அதே எடம். சாவு விழுந்த வீடுன்னு தெரிஞ்சா வேணாம்னுருவீகளோன்னு நாந்தான் சொல்லல. ஒரு வார்த்த கேட்டிருந்தா ஓடியாந்து தெறந்து விட்டிருப்பேனே." பிறகு, யாரிடமோ முறையிடுவதுபோல, "எனக்கு ஆடியும் இல்ல, மார்கழியும் இல்ல. விக்கிறவனுக்கு என்ன மாசம். சார் பாக்குறாரேன்னு பேசாம இருந்தேன்" என்றார்.

சித்தி இப்போது அந்த வீட்டில்தான் இருக்கிறார். பங்குச் சாமியார் வந்து வீட்டை ஜெபித்து மந்திரித்துக் கொடுத்தார். ஹாலில் ஒரு சாமான் கிடையாது. சோபா வாங்கிப் போடுவோம் என்று ஒருமுறை சொன்னேன். "எனக்காச்சும் எடம் வேணும்ல பாப்பா" என்றார். அங்கே போகும்போதெல்லாம் எனக்குக் கிரயம் முடிந்த நாள்தான் ஞாபகத்துக்கு வருகிறது.

சித்தப்பா பேரில் வங்கியில் கிடந்த பணத்தை எடுக்க, இந்த முறை அவருக்கே வாரிசு சான்றிதழ் வாங்க வேண்டியிருந்தது. அது வந்தபோது மறுபடியும் ஆடி. பத்திரம் எழுதுகிறவர் தயங்கினார்: "ஆடி பொறந்துருச்சு. ஆவணியில வச்சுக்குவமா?" சித்தியும் கன்னிவாடிக்காரரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

பதிவு ஆபீஸில் ஈ காக்கை இல்லை. ஆடியில் யார் வருவார்கள். டோக்கனுக்குக் காத்திருக்கவில்லை, சர்வர் ஒழுங்காக வேலை செய்தது, போட்டோ எடுத்து ரேகை வைத்துக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டோம். உள்ளே ஊழியர் ஒருவர் குடிக்க ஆரம்பித்த டீ இன்னும் முடிந்திருக்காது. சித்தி வாசல் படியிலேயே நின்றார். ஏதோ விட்டுவிட்டு வந்தவர்போலத் திரும்பி ஆபீஸைப் பார்த்தார்.

"இம்புட்டு நேரந்தானா பாப்பா?"

கன்னிவாடிக்காரர் தலையைக் குனிந்துகொண்டு, சுத்தமாக இருந்த மொபெட் சீட்டைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.