கூடுதல் கணிதத்துக்குப் பதினைந்து பேர்

கோலா கிளாவாங்கிலிருந்து உள்ளே போகும் தோட்டச் சாலையில் காலை ஆறு மணிக்கு ஹாரன் சத்தம் கேட்டால் அது பஞ்சாலை என்ற பெண்மணி ஓட்டும் வேன்தான். பதினோரு வருடமாக அவர் இடைநிலைப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறார். அதற்கு முன்னால் செனாவாங்கில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. அது மூடப்பட்டபோது, லாரி ஓட்டும் கணவர் கணேசமூர்த்திதான் அவருக்கு வேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஆறே மாதத்தில், "நீ என்னைவிட நல்லா ஓட்டுற" என்று அவரே ஒப்புக்கொண்டார். பஞ்சாலை அதை ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

வேனில் அவருக்கு ஒரே சட்டம்தான். மிளகாய்ச் சம்பல் வாசம் வரக்கூடாது. பேச்சுக்குத் தடை இல்லை. அதனால் எந்தப் பிள்ளை எந்தப் பாடத்தில் தவறியது, எந்த ஆசிரியர் மாற்றலாகிப் போகிறார் என்பதெல்லாம் பெற்றோருக்கு முன்னால் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஒன்பதாம் வகுப்பான மூன்றாம் படிவம் முடியும் நேரம், ஒரு திங்கட்கிழமை மதியம், வேனில் லோசினி வாயே திறக்கவில்லை. போன வருடம் மலைச்சாலையில் மண் சரிந்து வேன் மூன்று மணி நேரம் நின்றபோது, மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் பொறியாளர் சரிவை அளப்பதைப் பார்த்துவிட்டு, "நானும் இந்த வேலைக்குத்தான் போவேன்" என்று சொன்ன பெண் அவள்.

"என்னாச்சு?" என்றார் பஞ்சாலை கண்ணாடியில் பார்த்து.

"அடுத்த வருஷம் அட் மேத்ஸ் கிளாஸ் தொறக்க மாட்டாங்களாம் ஆன்ட்டி. ஒம்பது பேருதான் பேர் குடுத்திருக்கோம்."

"அந்தக் கூடுதல் கணிதம் இல்லன்னா?"

"இன்ஜினியரிங் பக்கம் போறது கஷ்டம். சிரம்பான்ல உள்ள ஸ்கூலுக்கு மாறணும். அப்பா எப்படி அனுப்புவாரு?"

மறுநாள் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட பஞ்சாலை வேனைப் பூட்டிவிட்டு நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். கணித ஆசிரியை துஷ்யந்தி அந்த வருடம்தான் வந்தவர். இலங்கைத் தமிழ்க் குடும்பம்; சிரம்பான் பக்கம் ரஹாங்கிலிருந்து தினமும் மலையேறி வருகிறார். அவர் மறைக்காமல் சொன்னார்.

"பதினைஞ்சு பேருக்குக் குறைஞ்சா என்னை வேற வகுப்புக்குப் போட்டிடுவினம் அக்கா. முதல்வரிட்ட பேசிட்டன். வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை தந்திருக்கிறா. பெற்றோர் கையெழுத்து வேணும்."

"ஃபாரம் இருக்கா?"

துஷ்யந்தி ஒரு கட்டை எடுத்து நீட்டினார். பஞ்சாலை எண்ணாமலே வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

முதலில் திருச்செல்வத்தின் வீடு. அவர் மகன் யுகேந்திரனுக்குக் கணக்கு வரும். ஆனால் அப்பாவுக்கு வேண்டாம். இரவு ஷிப்டுக்குப் போக மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அந்தப் பாடத்த எடுத்து ஃபெயிலானா சர்ட்டிபிகேட்ல அசிங்கமா நிக்கும்லா. சுலபமானத எடுத்து முடிச்சிட்டு எங்கூட கம்பெனிக்கு வரட்டும். நானே பேசி வாங்கித் தரேன்."

"உங்க லைன்ல வேல எப்படி?"

"வேலைக்கு என்ன. பதினெட்டு வருஷமா ஒரே மெஷின். அதோட சத்தத்த கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிடுவேன். ஆனா தொடக்கூடாது. இன்ஜினியர் வரணும். சின்னப் பையன், இருபத்தாறு வயசு. அவன் வந்து, அங்கிள் எங்க சத்தம் வருதுன்னு எங்கிட்டதான் கேப்பான். நான் காட்டுவேன். அவன் கையெழுத்துப் போடுவான்."

சொல்லிவிட்டுத் துணியை சீட்டின்மேல் போட்டார். பஞ்சாலை ஃபாரத்தை எடுத்து நீட்டினார்.

"பேனா இருக்கா?" என்றார் திருச்செல்வம்.

பத்து பேர். புதன்கிழமை, பள்ளிக்கு எதிரே நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு விற்கும் ஃபரிடாவிடம் பஞ்சாலை போனார். தன் மலாய்க் கம்போங் கிராமத்தில் யாருக்கு எந்த வயதில் பிள்ளை என்று ஃபரிடாவுக்கு மனப்பாடம். அன்று மாலையே மூன்று பெண்களின் படிவங்கள் வாழையிலை வாசத்தோடு வந்து சேர்ந்தன. வியாழன் மதியம் இரும்புச் சாமான் கடைக்காரர் தன் மகனிடம் "முடியுமா?" என்று ஒரே வார்த்தை கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். பதினான்கு.

அதோடு நின்றுவிட்டது. அன்று மாலை சாப்பாட்டு மேசையில் மிச்சமிருந்த படிவங்களைப் பரப்பிவிட்டுப் பஞ்சாலை தன் மகன் சசிதரனைப் பார்த்தார்.

"அம்மா, அப்படிப் பாக்காதீங்க. நான் வொகேஷனல் காலேஜுக்கு எழுதிட்டேன். சமையல் படிக்கப் போறேன்னு நீங்களும்தான் ஓகே சொன்னீங்க."

"பேரு மட்டும் குடுத்துட்டு அப்புறம்..."

"அது பொய் இல்லையா?"

பஞ்சாலைக்கு முகம் சுருங்கியது. கோபம் மகன்மேல் இல்லை. அவன் சொன்னது சரி. பேனாவை மூடினார்.

சசிதரன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அஸ்மான கேட்டீங்களா?" என்றான்.

"யாரு அஸ்மான்?"

"எங்க கிளாஸ்தான். அஸ்லி கம்போங் பையன், பூர்வகுடி ஆளுங்க. பேசவே மாட்டான். ஆனா மேத்ஸ் ஹோம்வொர்க் எல்லாரும் அவன பாத்துத்தான் எழுதுறோம். அவன யாரும் கேட்டிருக்க மாட்டாங்க."

சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு அம்மாவும் மகனும் வேனில் கிளம்பினார்கள். மலையடிவாரத்தில் பதினைந்து இருபது வீடுகள். அஸ்மானின் தாய் படிவத்தை இரண்டு முறை நிதானமாகப் படித்தார். பிறகு மலாயில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மதியத்தில் கூடுதல் வகுப்பு வைத்தால் பஸ் போய்விடும், இவனை யார் வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது?

பஞ்சாலை அதைப் பற்றி யோசித்திருக்கவே இல்லை. "நான்தான்" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் அது எத்தனை கிலோமீட்டர் என்று மனம் கணக்குப் போட்டது.

வெள்ளிக்கிழமை காலை பதினைந்து படிவங்களும் முதல்வரின் மேசையில் இருந்தன. வகுப்பு திறந்தது.

முதல் சோதனையில் பதினொரு பேர் தவறினார்கள். யுகேந்திரனுக்குப் பதினேழு மதிப்பெண். மூன்று பேர் விலக வேண்டும் என்று கேட்டபோது துஷ்யந்தி விடவில்லை. "உங்கட பேரில ஒரு ஆள் வீடு வீடா நடந்திருக்கிறா. இன்னும் ஒரு பள்ளித் தவணை இருந்து பாருங்கோ" என்றார். புதன்கிழமைதோறும் மதிய வகுப்பு வைத்தார். பஞ்சாலைக்கு அன்றைக்கு இரண்டு நடை. கடைசி நடையில் வேனுக்குள் மூன்று மொழியில் கணக்குச் சண்டை நடக்கும். அதிகம் பேசாத அஸ்மான் பின் சீட்டிலிருந்து விடையை மட்டும் சொல்வான், சண்டை நின்றுவிடும்.

பள்ளியின் கடைசி வருடமான ஐந்தாம் படிவத்தில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய மெட்ரிகுலேஷன் படிப்புக்கான விண்ணப்பம் வந்தது. எல்லாம் இணையத்தில். தோட்டத்தில் ஃபோன் லைன் கிடைக்காது. பஞ்சாலைக்கு வழியில் ஒரு வளைவு தெரியும். கணவருக்கு அழைக்க அவர் நிறுத்தும் இடம். இரண்டு சனிக்கிழமை அங்கே வேனை நிறுத்தி, ஒவ்வொருவராக முன் சீட்டில் உட்காரவைத்தார். கடவுச்சொல்லை மறந்தவர்கள் நான்கு பேர். அப்பாவின் அடையாள அட்டை எண்ணைத் தன் எண் என்று போட்டவன் யுகேந்திரன்.

"உங்கப்பாவ காலேஜுக்கு அனுப்பப் போறியா?" என்றார் பஞ்சாலை. வேன் குலுங்கும்படி சிரித்தார்கள்.

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவுகள் வந்தபோது பதினைந்து பேரில் இரண்டு பேர் அந்தப் பாடத்தில் தேறவில்லை. மற்றவர்கள் தேறினார்கள். யுகேந்திரன் வாங்கிய 'சி' கிரேடைத் திருச்செல்வம் தன் லைனில் இருந்த எல்லாருக்கும் காட்டினார். அவன் பாலிடெக்னிக்குக்குப் போனான். நான்கு பேர் ஆறாம் படிவம். லோசினி, அஸ்மான், ஃபரிடா கொண்டுவந்த மூன்று பெண்களில் இருவர், இன்னும் இரண்டு பேர் என ஆறு பேருக்கு மெட்ரிகுலேஷன் கிடைத்தது.

கோலா பிலா மெட்ரிகுலேஷன் கல்லூரியில் பதிவு நாள். பள்ளிப் பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு பஞ்சாலை வேனைத் திருப்பினார். தலையணை, வாளி, புதுத் துடைப்பம், லோசினியின் அம்மா கட்டிய முறுக்கு டப்பா எல்லாம் ஏறின. அஸ்மானின் தாயால் வர முடியவில்லை; மூத்த மகளுக்கு அன்று பிரசவம்.

பதிவு மேசையில் இருந்தவர், "இவர் உனக்கு யார்?" என்று அஸ்மானைக் கேட்டார்.

அவன் கொஞ்சம் யோசித்தான். "எங்கள் வேன் ஆன்ட்டி" என்றான் மலாயில்.

அவர் பெற்றோர் வரிசையைக் காட்டினார். பஞ்சாலை முதலில் தயங்கினார். பிறகு புடவையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்து, கல்லூரி இயக்குநரின் உரையை முழுவதும் கேட்டார். விடுதிக் கதவு எத்தனை மணிக்கு மூடும் என்று கையைத் தூக்கி ஒரு கேள்வியும் கேட்டார். பெற்றோருக்கு வைத்திருந்த பலகாரத்தில் இரண்டு சாப்பிட்டார். ஒன்றைச் சசிதரனுக்கு மடித்து எடுத்துக்கொண்டார்.

"ஆன்ட்டி, இன்னும் கொஞ்ச நேரம் இருங்க" என்றாள் லோசினி.

"ஒரு மணிக்கு ஸ்கூல் விடும்லா. இந்த வருஷம் நாலாம் படிவத்துல இருபத்திரண்டு பேரு அந்தப் பாடத்த எடுத்திருக்காங்க. எல்லாம் ரோட்டுல நிப்பாங்க."

அவள் தலையை ஒருமுறை தடவிவிட்டு, அவர் வேனை நோக்கி வேகமாக நடந்தார்.