காலியாக விட்ட ஏழாவது கேஸ்

மெஹர் நிஷாவின் சமையலறையில் எந்த டப்பாவின் மூடியைத் திருப்பினாலும் உட்பக்கம் ஒரு தேதி எழுதியிருக்கும். மிளகாய்த்தூள் அரைத்த தேதி, எலுமிச்சை ஊறுகாய் போட்ட தேதி, புளி வாங்கிய தேதி. தேதி இல்லாததை அவள் மோந்துகூடப் பார்க்க மாட்டாள், நேராகக் குப்பைக்குத்தான். அமெரிக்காவில் ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்கிற ஊரில் அவளுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களிலும் இது ஒரு கேலிப்பேச்சு.

சொந்த ஊர் புதுக்கோட்டை. விலங்கியலில் பட்டம் வாங்கியவள். அன்வர் பாட்சாவைக் கட்டிக்கொண்டு 1999இல் ஹூஸ்டனுக்கு வந்தாள். அவனுக்கு எண்ணெய்க் குழாய்கள் போடும் ஒரு கம்பெனியில் இன்ஜினியர் உத்தியோகம். அவளுக்குக் கிடைத்தது மனைவிமாருக்கான விசா. அதை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம், கடைக்குப் போகலாம், வேலைக்கு மட்டும் போகக் கூடாது. அப்படி எட்டு வருஷம் ஓடியது. 2007 செப்டம்பரில் வேலை அனுமதி அட்டை தபாலில் வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. மகள் ரிதா இரண்டாம் வகுப்பில் இருந்தாள்.

என்ன வேலைக்குப் போவது என்று யோசித்து, மெடிக்கல் கோடிங் என்று முடிவுசெய்தாள். நோயாளிக்கு என்ன நோய், என்ன வைத்தியம் என்று டாக்டர் எழுதிவைக்கும் குறிப்பைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைத் தடித்த புத்தகத்தில் தேடி எழுத வேண்டும். அந்த எண்ணைப் பார்த்துத்தான் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கும். எலும்பு, நரம்பு, தசை எல்லாவற்றின் பெயரும் அவளுக்கு அத்துப்படி. அதனால் இது சரிப்படும் என்று தோன்றியது.

கம்யூனிட்டி காலேஜில் வகுப்பு இருந்தது, ஆனால் மாலை ஆறு முதல் ஒன்பது வரை. அன்வர் வீடு திரும்பவே ஏழரை ஆகும். ரிதாவை யாரிடம் விடுவது? கேட்டியில் பஸ்ஸும் கிடையாது. ஆகவே நெப்ராஸ்காவிலிருந்து ஆன்லைனில் நடந்த எட்டு மாத கோர்ஸில் சேர்ந்தாள்.

"ஆன்லைன்ல சட்டை வாங்கலாம், டிக்கெட் வாங்கலாம். படிப்பு வாங்க முடியுமா?" என்றான் அன்வர். "வாத்தியார் மூஞ்சியே பார்க்காம அது என்ன படிப்பு?"

"நீங்க காலேஜ்ல கடைசி பெஞ்ச்ல தூங்குவீங்கன்னு உங்ககூடப் படிச்ச ஷாஹுல் அண்ணன் சொன்னாங்களே, அது படிப்பா?"

"தூங்கினாலும் வாத்தியார் முன்னாடி தூங்கினேன்ல?"

அவளுடைய வாத்தியாரின் பெயர் மார்த்தா க்ளைன். முகமும் தெரியாது, குரலும் தெரியாது. பாடங்கள் கம்ப்யூட்டர் திரையில் வரும். இருபது நோயாளிகளின் குறிப்புகள் கொடுத்து எண் போடச் சொல்வார்கள். போட்டு அனுப்பினால் மூன்றாம் நாள் மார்த்தாவின் திருத்தம் சிவப்பு எழுத்தில் வந்துவிடும்.

முதல் முறை நிஷா இருபதுக்கும் எண் போட்டு அனுப்பினாள். பரீட்சையில் ஒரு கேள்வியையும் விடக் கூடாது, தெரியாவிட்டாலும் எதையாவது எழுதிவை, எழுதியதற்கு அரை மார்க்காவது விழும் என்று கேட்டு வளர்ந்தவள். தாளில் வெற்றிடம் விட அவளுக்குக் கை வராது. திரும்பி வந்ததில் பதினேழு சரி. மீதி மூன்றின் பக்கத்திலும் ஒரே வாசகம் இருந்தது: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்த மூன்றுக்கும் மார்க் போடாதது மட்டுமல்ல, பதினேழிலிருந்து மூன்றைக் கழித்தும் இருந்தார்கள்.

நிஷாவுக்குக் கோபம் வந்துவிட்டது. டாக்டர் எழுதாவிட்டால் என்ன, மற்ற விவரங்களை வைத்து ஊகிக்கலாமே என்று ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினாள். பதில் இரண்டே வரியில் வந்தது. "நல்ல ஊகம்தான். ஆனாலும் ஊகம். குறிப்பில் இல்லையென்றால் காலியாக விடுங்கள், டாக்டரைக் கேளுங்கள்."

அந்தப் பழக்கம் கைக்கு வர அவளுக்கு நாலு மாதம் பிடித்தது. பிறகு அது வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. "அம்மா, இட்ஸ் நாட் கோல்ட் அவுட்சைட்" என்று ரிதா சொன்னால், "உனக்கு எப்படித் தெரியும்? கதவைத் திறந்து பார்த்தியா?" என்று கேட்பாள். மகள் கண்ணை உருட்டிக்கொண்டு ஜாக்கெட்டை எடுப்பாள்.

2008 மே மாதம் சான்றிதழ் வந்தது. ஏழு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். ஆறிலிருந்து பதில் இல்லை. ஏழாவது, டாக்டர் நஞ்சுண்டன் என்கிற தோல் டாக்டரின் கிளினிக், வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே பதினைந்து வருஷமாக ஆபீஸ் மேனேஜராக இருந்த ராஜலக்ஷ்மி நேரில் வரச் சொன்னாள். அதையும் விட்டால் வேறு இடம் கண்ணில் படவில்லை.

ராஜலக்ஷ்மிக்கு ஐம்பது வயதிருக்கும். சான்றிதழைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.

"ஆன்லைனா? நான் ஸ்ட்ரெய்ட்டா பேசறவம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் ஒரு பொண்ணு வந்தா. இதே மாதிரி சர்டிபிகேட், தொண்ணூத்தாறு பர்சென்ட். சேர்ந்த ரெண்டாம் நாள் எக்ஸீமா புக்ல எந்தப் பக்கத்துல இருக்குன்னு என்னையே கேக்கறா. அப்பறம்தான் தெரிஞ்சுது, டெஸ்ட் எல்லாம் எழுதினது அவ ஹஸ்பெண்ட். சாஃப்ட்வேர்ல இருக்கானாம். பேசாம அவனையே வேலைக்கு எடுத்திருக்கலாம்."

நிஷாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

"நான் ரெண்டு வருஷம் க்ளாஸ்ல உக்காந்து படிச்சவ. இதை நீங்கதான் எழுதினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

மார்த்தாவின் கேள்வி வேறொரு வாயிலிருந்து வந்தது போலிருந்தது நிஷாவுக்கு. அதில் கோபப்பட என்ன இருக்கிறது?

"உங்களுக்குத் தெரியாது மேடம். அதனால நீங்களே ஒரு டெஸ்ட் வைங்க."

ராஜலக்ஷ்மி எழுந்து அலமாரியைத் திறந்தாள். கிளினிக்கின் பழைய கேஸ்கள் பத்து, நோயாளிகளின் பெயர் மறைத்துப் பிரதி எடுத்தவை. ஒன்றரை மணி நேரம். புத்தகம் பார்க்கலாம்.

முதல் ஆறும் சிரமமில்லை. நாலாவதில் ஒரு சின்னப் பொறி இருந்தது. 'தோலில் அரிப்பு, எக்ஸீமாவா என்று பார்க்க வேண்டும்' என்று டாக்டர் எழுதியிருந்தார். உறுதியாகாத நோய்க்கு எண் போடக் கூடாது. நிஷா அரிப்புக்கு மட்டும் போட்டாள்.

ஏழாவதில் பேனா நின்றது. முழங்கையில் இருந்த சாதாரணக் கட்டி ஒன்றை வெட்டி எடுத்து மூன்று தையல் போட்டதாகக் குறிப்பு. கட்டியின் அளவைப் பொறுத்துத்தான் எண். ஆனால் அளவைக் காணோம். தாளைத் திருப்பிப் பார்த்தாள், பின்பக்கமும் இல்லை. மூன்று தையல் என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும் என்று மனம் கணக்குப் போட்டுவிட்டது. அதற்குரிய எண்ணும் நினைவுக்கு வந்தது. ஐந்து இலக்கம் எழுதினால் முடிந்தது. வேலை வேண்டுமென்றால் எழுதத்தான் வேண்டும் என்றும் தோன்றியது. பேனாவை இரண்டு தடவை தாளில் வைத்து வைத்து எடுத்தாள். கடைசியில், 'கட்டியின் அளவு குறிப்பில் இல்லை. டாக்டரைக் கேட்க வேண்டும்' என்று எழுதிவிட்டு எட்டாவதற்குப் போனாள்.

ராஜலக்ஷ்மி அங்கேயே உட்கார்ந்து, தன்னிடமிருந்த விடைத்தாளோடு ஒப்பிட்டுத் திருத்தினாள். ஒன்பது சரி.

"ஏழாவதை விட்டுட்டீங்களேம்மா."

"சைஸ் எழுதலை, மேடம்."

"மூணு தையல்னு இருக்கே?"

"இருக்கு. சைஸ் இல்ல."

ராஜலக்ஷ்மி உதட்டைப் பிதுக்கினாள். "பத்துக்குப் பத்து வாங்கறவங்களைத்தான் எடுக்கறதுன்னு ஒரு ரூல் வச்சிருக்கேன். வியாழக்கிழமை இன்னொருத்தி வரா, கம்யூனிட்டி காலேஜ்ல படிச்சவ. பார்த்துட்டுச் சொல்றேன்."

சாயங்காலம் அன்வர் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ப்ளாங்க்கா விட்டியா? தெரிஞ்ச ஆன்ஸரையா?"

"தெரியாதுங்க. தோணிச்சு, அவ்வளவுதான்."

"மூணு தையல், ஒன்றரை சென்டிமீட்டர். நான் சொல்லுவேனே! இந்த நெப்ராஸ்காக்காரி உன்னைக் கெடுத்து வச்சிருக்கா."

அவன் சொல்வது சரியாகவும் இருக்கலாம் என்று நிஷாவுக்கும் தோன்றியது. இரண்டு நாள் விண்ணப்பக் கடிதத்தைத் திருத்தித் திருத்தி எழுதிக்கொண்டிருந்தாள். எட்டாவதாக எங்கே அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை, ரிதாவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து சாவியை மாட்டும்போது போன் அடித்தது. ராஜலக்ஷ்மி.

"அந்தப் பொண்ணு நேத்து வந்தா. பத்துக்குப் பத்து."

"அப்படியா மேடம்," என்றாள் நிஷா. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"முழுசாக் கேளுங்க. ஏழாவதை எப்படிம்மா போட்டேன்னு கேட்டேன். மூணு தையல் மேடம், ஒன்றரை சென்டிமீட்டர்தான் இருக்கும்னா. சரின்னுட்டு வீட்டுக்குப் போயிட்டேன். ஆனா மனசுக்கு ஒப்பலை. ஏன்னா அந்த ஆன்ஸர் நான் போட்டது. ரெண்டு வருஷம் முன்னாடி, அந்த க்ளெய்மை அனுப்பினது நான்தான். சைஸ் எங்கேர்ந்து எடுத்தேன்னு எனக்கே ஞாபகம் இல்லை."

நிஷா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"காலையில டாக்டரைக் கேட்டேன். அவருக்கும் ஞாபகம் இல்லை. கட்டி எடுக்கறப்ப நர்ஸ் ஒரு நோட்டுல எழுதுவா, அதைத் தேடி எடுத்துப் பார்த்தோம். எட்டு மில்லிமீட்டர். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லை. முழங்கை மடங்கற இடம், பிரிஞ்சுடக் கூடாதுன்னு டாக்டர் ஒரு தையல் கூடப் போட்டிருக்கார். ஆக நான் போட்டது தப்பு, அந்தப் பொண்ணு போட்டது தப்பு. இன்ஷூரன்ஸுக்கு இப்ப திருத்தி அனுப்பணும்." பெருமூச்சு கேட்டது. "நீங்க என்ன நினைச்சீங்க, உண்மையைச் சொல்லுங்க. எட்டு மில்லிமீட்டர்னு தெரிஞ்சா விட்டீங்க?"

"இல்ல மேடம். நானும் ஒன்றரைன்னுதான் நினைச்சேன்."

மறுமுனையில் ராஜலக்ஷ்மி சிரித்தாள்.

"நல்ல ஆளும்மா நீங்க. மண்டே எட்டு மணிக்கு வாங்க. மூணு மாசம் பார்ப்பேன். ஆன்லைனைப் பத்தி நான் சொன்னது சொன்னதுதான், ஆமா. அந்த விஷயத்துல நான் மாறலை."

"சரி மேடம்."

அன்வருக்கு போன் செய்து சொன்னாள். "வாத்தியார் முன்னாடி தூங்கினவங்க கணக்கும் ஒன்றரைதானே? அதான் தப்பு" என்றாள். "பிரியாணி வாங்கிட்டு வரவா?" என்று கேட்டான் அன்வர்.

மத்தியானம் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து மார்த்தா க்ளைனுக்கு எழுதினாள். யார் கேஸ் என்பதற்கு ஒரு அடையாளமும் கொடுக்காமல், பேனாவை வைத்து வைத்து எடுத்தது வரைக்கும் சொல்லி, நீளமான கடிதம். கோர்ஸ் முடிந்து ஒரு மாதமாகிவிட்டது, பதில் வருமோ வராதோ என்று நினைத்தாள். மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல வந்தது.

"மகிழ்ச்சி. எட்டு மில்லிமீட்டர் என்றால் எந்த எண்?"

நிஷாவுக்கு எண் தெரியும். ஆனாலும் புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைப் புரட்டிச் சரிபார்த்துவிட்டு, பிறகுதான் எழுதி அனுப்பினாள்.