மூக்கு அக்கா சொன்ன ஆயுசு

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டின் சாமான் அறைக்கு இருபத்தாறு வருடமாக அவள்தான் பொறுப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் ஏதோ இருந்தது. எல்லோருக்கும் அவள் மூக்கு அக்கா. டின்னைத் திறந்து ஒரு தரம் மோந்து, "இன்னும் பத்து நாள் தாங்கும்" என்பாள். பதினோராம் நாள் அது கெட்டிருக்கும். பாக்கெட்டில் அச்சடித்த தேதியை எவராவது படித்தால் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"தேதி போட்டவன் நம்ம ரூமுக்கு வந்து பாத்தானா? ஈரக் கரண்டியை விட்டா சக்கரைக்கு ஏது தேதி? சுவத்துல சாத்துன மாவு மூட்டை எத்தனை நாள் நிக்கும்?"

நியாயமான பேச்சுதான். ஆனால் அதைக் கேட்டுக் கேட்டே சமையற்கட்டில் ஒருவரும் தேதியைப் பார்ப்பதில்லை என்று ஆயிற்று.

இரண்டு வருடம் முன்பு அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது சும்மா போகவில்லை, மோப்பத்தையும் எடுத்துக்கொண்டு போயிற்று. பூண்டும் சோப்பும் ஒன்றாகிவிட்டன. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போகும். வேலையோடு ஆஸ்பத்திரி கொடுத்த ஒற்றை அறை வீடும் போகும். வாதத்தில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் கணவரை எங்கே கொண்டுபோய்க் கிடத்துவாள்?

பயம் ஒரு வழி காட்டியது. டின்னைத் திறந்ததும் முதலில் சமையல்காரரிடம் நீட்டுவாள். பச்சைப் பிள்ளை முகம் அவருக்கு, எதையும் ஒளிக்கத் தெரியாது. முகம் சுருங்கினால், "தூக்கிப் போடுப்பா." சுருங்காவிட்டால், "பத்து நாள்." அவளை யாரும் சந்தேகப்படவில்லை.

அந்த வருட மழையில் பின்சுவரில் ஓதம் ஏறியது. மாவு மூட்டைகளுக்கு இடம் வேண்டி எண்ணெய் டின்களை ஜன்னலோரம் நகர்த்தினாள். மழை விட்டு வெயில் அடித்தது, டின்களைத் திரும்ப உள்ளே வைக்க மறந்துவிட்டாள். மூடி தளர்ந்த ஒரு டின்மேல் தினமும் வெயில் விழுந்தது. எண்ணெய்க்கு வெளிச்சமும் காற்றும் சூடும் ஆகாது என்று ஊருக்கே பாடம் எடுத்தவள், பழைய மூக்கு இருந்திருந்தால் வாசலிலேயே கண்டுபிடித்திருப்பாள்.

அந்த டின்னைத் திறந்த அன்று சமையல்காரருக்கு மூன்றாம் நாள் ஜலதோஷம். டின்னை நீட்டினாள். முகம் சுருங்கவில்லை.

"பத்து நாள் தாங்கும்," என்றாள்.

எண்ணெய் காறிப்போயிருந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு வார்டு முழுவதும் வாந்தி. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தபோது சமையல்காரர் முந்திக்கொண்டார்.

"அக்கா மூக்கு தப்பு சொல்லாதுங்க. சளியில ருசி தெரியாம நான்தான் இறக்கிட்டேன்."

"சளி பிடிச்சவன் அடுப்புகிட்ட ஏன்யா நின்னே?" என்று மேனேஜர் அன்றே அவரை வேலையைவிட்டு நீக்கினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது.

கேட் வரை அவரோடு நடந்தாள். அங்கே சொல்லிவிட்டாள்.

"எனக்கு வாசனை தெரியாதுப்பா. ரெண்டு வருஷமாச்சு."

"அப்ப இத்தனை நாளும் என் மூஞ்சியைப் பாத்தா ஆயுசு சொன்னீங்க?" சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் மோந்து சொல்லியிருப்பேனே அக்கா. யாருக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்கே மேனேஜர்கிட்டச் சொல்லிடுறேன். உன்னைத் திரும்பக் கூப்பிடுவாங்க."

"எதிர் டீக்கடையில இருக்கேன். வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை அவர் அங்கே உட்கார்ந்திருந்தார், முகச்சவரம் செய்து, துவைத்த சட்டையோடு. அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டுப் பிணவறைப் பக்கமுள்ள பின்வாசல் வழியாக உள்ளே போனாள். கணவருக்குத் துணி மாற்றியதில் நேரமாகிவிட்டது, அப்புறம் சொல்லலாம் என்று தனக்கே ஒரு சாக்கு. அடுத்த நாளும் அப்படியே. ஒரு வாரம் அவர் வந்தார்.

எட்டாம் நாள் டீக்கடை பெஞ்சு காலியாக இருந்தது. அவள் முன்வாசல் வழியாகவே வேலைக்குப் போனாள்.