எஞ்சின் கம்ப்யூட்டருக்குப் போன வயர்

பதினைந்து வருடம் ஒரே தொழிற்சாலையில், பக்கத்து மேசையில் இருந்து வயர் பூட்டிய நண்பன் விற்ற காரை யாராவது மெக்கானிக்கிடம் காட்டுவார்களா? நானும் காட்டவில்லை. "எங்கட ஆளிட்ட வாங்கிறதுக்கு என்னத்துக்குச் செக்கிங்?" என்று அவன் கேட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. காரின் நாலு சில்லுக்கும் அடியில் தேசிக்காய் வைத்து, கற்பூரம் கொளுத்தியதும் அவன்தான். என் மனைவியை அவன் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான். "தங்கச்சி நம்பி ஓடலாம்" என்றான்.

அவளுக்கு ரொறொன்ரோவுக்குப் பக்கத்தில், பிக்கரிங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் புது வேலை. கார் இரண்டு காலை ஸ்டார்ட் ஆகாமல் பிந்திப் போனாள். நான் வந்து பார்க்கும்போது மட்டும் அது ஒழுங்காக ஸ்டார்ட் ஆகும். இன்னொருமுறை பிந்தினால் வரவேண்டாம் என்றார்கள். மூன்றாம் முறையும் கார் காலை வாரியது. டாக்ஸி பிடித்துப் போனவள் பத்து மணிக்கே திரும்பி வந்துவிட்டாள். வேலை போய்விட்டது.

எனக்குக் கார்மேல் கண்மண் தெரியாத கோபம். யூனிஃபோர்மும் மாற்றவிடாமல் அவளை டிரைவர் சீட்டில் இருத்தி, திறப்பைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. டாஷ்போர்டில் எரியவேண்டிய எஞ்சின் லைட்டும் எரியவில்லை. எஞ்சினை ஓட்டும் கம்ப்யூட்டருக்கே கரண்ட் போகவில்லை போல. ஆனால் ஃபியூஸ் நல்லது, ரிலே நல்லது. கம்ப்யூட்டரின் பிளக்கைக் கழற்றி மீற்றர் வைத்தால் பன்னிரண்டு வோல்ற் காட்டியது. கொஞ்சநேரம் முழித்தேன். மீற்றர் இழுப்பது துளி கரண்ட்; அதைப் பழுதான வயரும் கொடுத்துவிடும். பாரம் கொடுத்தால்தான் வயரின் வண்டவாளம் தெரியும். பழைய ஹெட்லைட் பல்ப் ஒன்றை அதே பிளக்கில் பிடித்துப் பார்த்தேன். அழுதுவடிந்தது.

வயரைத் தடவிக்கொண்டே போனேன். பேட்டரிக்குக் கீழே அதை வெட்டி, முறுக்கி, கறுத்த இன்சுலேஷன் ரேப் சுற்றியிருந்தது. அடுத்தவன் லேசாக உரிக்கட்டும் என்று ரேப்பின் நுனியை மடித்துவிட்டிருந்தார்கள். எங்கள் தொழிற்சாலையில் அப்படி மடிப்பவன் அவன் ஒருவன்தான். அதைச் சொல்லி அவனை எத்தனை நாள் பகிடி பண்ணியிருப்போம். உரித்தேன். பனிக்கு ரோட்டில் கொட்டும் உப்பைக் குடித்து, செம்பு பச்சையாகிக் கிடந்தது.

கையெல்லாம் அழுக்கு. அவனுக்கு அடித்து, போனை ஸ்பீக்கரில் போட்டு வைத்துக்கொண்டு கேட்டேன்.

"உந்த வயர் நீ முறுக்கினதோ?"

"ஓம். இடைக்கிடை சேட்டை விடும். வேற ஆளுக்கு வித்திருந்தால் திருப்பிக் கொண்டுவந்து விட்டிருப்பினம். உனக்கெண்டால் திருத்தத் தெரியும். சண்டைக்கும் வரமாட்டாய்."

தெரிந்தே என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறான். அதுவும் என் நல்ல குணத்தைக் கணக்குப் பார்த்து.

"தங்கச்சிக்கு மட்டும் சொல்லிப்போடாதை," என்றான்.

அவள் டிரைவர் பக்கக் கதவைத் திறந்து தலையை வெளியே நீட்டினாள்.

"கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன், அண்ணை."