இடம் மாறி உட்கார்ந்த கோம்பைக்காரர்கள்

பாதி காலியாக இருந்த சின்ன விமானம் அது. ஓடுபாதையில் வேகமெடுக்கும்போதே மூக்கு மேலே எழும்பி, வால் தரையில் இடித்தது. விமானி உடனே பிரேக் போட்டார். பாதை போதவில்லை, விமானம் அதைத் தாண்டிச் சேற்றில் போய் நின்றது. சிலருக்குக் கை கால் முறிந்தது. ஆனால் எல்லோரும் உயிரோடு இறங்கினார்கள்.

விமானி ஒரு பெண். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அது போதாதா? அன்று மாலையே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பொம்பளை ஓட்டினால் இப்படித்தானாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விசாரணைக் குழுவில் இருந்த ஒரே தமிழச்சி நான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தேன்.

வால் பக்கம் பாரம் கூடினால்தான் மூக்கு அப்படித் தானாக எழும்பும். சாமான்களை நிறுத்துப் பார்த்தோம், கணக்கு சரியாக இருந்தது. பயணிகளும் சீட்டு எண்படி முன்னும் பின்னுமாகப் பரவி உட்கார்ந்திருந்ததாகவே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மிஞ்சியது விமானிதான். புறப்படும் முன் எதையோ தப்பாகத் திருகி வைத்துவிட்டார் என்று குழுவிலேயே பேச்சு கிளம்பியது. அது உறுதியானால் அந்தப் பெண் இனி விமானம் ஓட்ட முடியாது.

பயணிகளில் பெரும்பகுதி காசிக்குப் போய்த் திரும்பிய ஒரே குடும்பம், எங்கள் கம்பம் பக்கத்துக் கோம்பைக்காரர்கள். அவர்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்களாமா? யாரிடம் கதை விடுகிறார்கள்! கம்பத்திலிருந்து மலைத் தோட்டத்துக்கு நெரிசலாகப் போகும் ஜீப்பில்கூட எங்கள் ஆட்கள் சொந்தபந்தத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நேரே கோம்பைக்குப் போனேன்.

அந்த வீட்டு மூத்த மருமகள் கையில் மாவுக்கட்டோடு காபி கொண்டுவந்து வைத்தார். விமானத்தில் சாப்பிட்டீர்களா என்று பேச்சுவாக்கில் கேட்டேன்.

"புளியோதரை கொண்டு போயிருந்தோம்ல. கெளம்புறதுக்கு முன்னாடி நாந்தான் எல்லாருக்கும் உருட்டி உருட்டிக் கையில குடுத்தேன்."

"எந்திரிச்சுப் போய்க் குடுத்தீகளா?"

"எதுக்கு எந்திரிக்கணும்? எல்லாரும் இங்கன பக்கத்துலதான..."

பேச்சு பாதியில் நின்றது. உளறிவிட்டது அவருக்கே புரிந்துவிட்டது.

"ஆத்தா, அது குத்தமா? மாமியாளுக்குத் தனியா உக்காரப் பயம். கடைசி வரிசைக அம்புட்டும் காலியாக் கெடந்துச்சு. பணிப்பெண்ணும் தலையாட்டிட்டுப் போயிருச்சு. மாறி உக்காந்தது தெரிஞ்சா கேசு போடுவாகன்னு எங்க மாமா சொன்னாக. அதான் டிக்கெட்டுல இருந்த நம்பரையே எழுதிக் குடுத்தோம்."

அவ்வளவு பேரின் பாரமும் ஒரேயடியாக வால் பக்கம் போயிருக்கிறது. பணிப்பெண் அதை விமானியிடம் சொல்லவே இல்லை. நான் விளக்கிச் சொன்னதும் அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். இதை நீங்களே வந்து சொன்னால்தான் அந்த விமானி தப்பிப்பார் என்றேன். வருவார்கள் என்ற நம்பிக்கை எனக்கில்லை. சம்மன் அனுப்பினாலும் வாய் திறக்காத பெரிய மனிதர்களை நிறையப் பார்த்தவள் நான்.

விசாரணை நாளன்று குடும்பமே வந்து நின்றது. மாவுக்கட்டுக் கையை மார்போடு அணைத்தபடி அந்த அம்மாதான் முதலில் பேசினார்.

"நாங்கதாய்யா எடம் மாறி உக்காந்தோம். பயந்துக்கிட்டுப் பொய்யும் எழுதினோம்."

விமானி எதிரில் உட்கார்ந்திருந்தார். கண்ணீரைத் துடைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

தலைமை அதிகாரி டெல்லிக்காரர். இது வெளியே போனால் நாடே உங்களைக் கேலி செய்யும், தெரியுமா என்று கேட்டார். அவர் இந்தியில் கேட்டதை நான் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன், பதில் உடனே வந்தது.

"சிரிச்சுட்டுப் போகட்டும்யா. எங்க அம்புட்டுப் பேரையும் உசுரோட எறக்கிவிட்ட பிள்ளை அது. அது பொழப்புல மண்ணைப் போட்டுட்டு நாங்க வீட்ல உக்காந்து சோறு திங்கவா?"

அதை இந்தியில் சொல்ல வாயெடுத்து நிறுத்தினேன். ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தேன். முடித்ததும், அந்த அம்மா சொல்லாத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன்: "இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள், சார்."