புல் வெட்ட வந்தவர் நிறுத்திய விமானம்

மூன்று வருடங்களுக்கு முன், ஓகஸ்ட் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் நடந்தது இது. ரொறன்ரோவிலிருந்து காரில் வடக்கே போனால் மூன்று மணி நேரம். ஏரிக்கரைக் காட்டுக்குள் மரங்களை வெட்டி அமைத்த ஒரு புல் ஓடுபாதை.

நான் ஸ்காபரோவில் நகரப் பேருந்து ஓட்டுகிறேன். நாற்பத்திரண்டு வயதில் விமானம் ஓட்ட உரிமம் எடுத்தேன். ஏன் என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வீதியே போகாத இடங்களில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்ற ஆவல்தான், வேறொன்றுமில்லை.

விமானம் வாங்கத் தேடியபோது முதலில் என் மனம் போனது பளபளக்கும் நான்கு இருக்கை விமானம் ஒன்றில். நல்ல வேகம். ஆனால் அதன் முன்சில்லு, அதாவது முன்சக்கரம், சிறியது, கல்லிலோ குழியிலோ மாட்டினால் உடைந்துவிடும், நீளமான தார்ப்பாதைதான் அதற்குச் சரி என்று விற்க வந்தவரே சொல்லிவிட்டார். கடைசியில் பழைய இரண்டு இருக்கை விமானம் ஒன்றை வாங்கினோம். முன்னால் பலூன் போலப் பருத்த இரண்டு சில்லுகள், வாலுக்கடியில் ஒரு குட்டிச் சில்லு. உடம்பு தகரமல்ல; இரும்புக் குழாய்களின் மேல் துணியை இழுத்துக் கட்டிப் பூச்சுப் பூசியது. என் கணவர் விரலால் தட்டிப் பார்த்தார்.

"உது துணியோ? துணிக்குள்ள இருந்தோ நாங்கள் பறக்கப் போறம்?"

"ஓம். பயப்பிடாதேங்கோ, கிழிஞ்சால் ஒட்டலாம்."

அந்தக் கோடையில்தான் அவரையும் கூட்டிக்கொண்டு அந்த ஏரிக்கரைக்குப் பறந்தேன். சனிக்கிழமை காலையில் மெத்தென்று இறங்கினோம். இரவு கூடாரத்தில் தங்கினோம். ஞாயிறு மதியம் ஒரு மழை பெய்து ஓய்ந்து, பிறகு வெயில் கொளுத்தியது. திங்கள் விடியற்காலை எனக்கு வேலை. கூடாரம், சாப்பாட்டுப் பெட்டி, பைகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு புறப்படத் தயாரானோம்.

அப்போது ஓடுபாதையை ஒட்டியிருந்த வீட்டுப் பெண்மணி ஒருவர் புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டி வந்து, ஓடுபாதையின் நடுவில் நிறுத்திவிட்டு இறங்கினார். என் வயதுதான் இருக்கும். இப்போது போகாதீர்கள் என்றார். நீங்கள் விமானம் ஓட்டுவீர்களா என்று கேட்டேன். இல்லை, இந்தப் புல்லை வெட்டுவது மட்டும்தான் என்றார். எனக்குள் ஒரு எரிச்சல் ஏறியது. இருபது வருடமாக ஒரு பஸ் நிறையச் சனத்தை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறவள் நான். உரிமமும் என் பையில் இருக்கிறது.

அவர் கோபப்படவில்லை. பாதையின் முடிவைக் கையால் காட்டினார். அங்கே நின்ற மரங்களில் இரண்டின் நுனிகள் முறிந்திருந்தன. போன வருடம் இதேபோல ஒரு வெயில் பிற்பகலில் புறப்பட்ட ஒருவர் அவற்றில் மோதி விழுந்தாராம். உயிர் தப்பியது, கால் போய்விட்டது. நல்லபடி மேலே போகிறவர்களின் சில்லுகள் பாதித் தூரத்திலேயே துள்ளத் தொடங்கிவிடும், அதைத் தினமும் பார்க்கிறேன் என்றார்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். "நீர் ஒருக்கா தனியா ஓடிப் பாருமன். நானும் சாமானும் இஞ்சை நிக்கிறம்."

பாதித் தூரத்துக்குள் குறித்த வேகம் வராவிட்டால் நிறுத்திவிட வேண்டும் என்று பயிற்சியில் எனக்கும் சொல்லித் தந்திருந்தார்கள். நீண்ட தார்ப்பாதைகளிலேயே ஓடிப் பழகியதில் அதை மறந்துபோயிருந்தேன். அந்தப் பெண்மணி இயந்திரத்தைப் பாதையைவிட்டு அகற்றி, பாதித் தூரத்தை அடியால் அளந்து, தன் சிவப்பு மேலங்கியைப் பாதையோரத்தில் ஒரு தடியில் கட்டி நட்டார்.

தனியாக ஏறி, விமானத்தை முழு விசையோடு ஓட்டினேன். ஈரப்புல் சில்லுகளைப் பிடித்து இழுத்தது. சிவப்புத் துணி நெருங்கி, பக்கத்தில் வந்து, பின்னால் போயே விட்டது. வேகமானியில் முள் வரவேண்டிய இடத்துக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடினால் எழும்பிவிடும் என்று மனம் சொன்னது, நான் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் சொன்னது. கை எப்படியோ விசையைக் குறைத்தது. பிரேக் பிடித்தும் ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போய், மரங்களுக்குச் சற்று முன்னால் நின்றேன்.

கணவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். பிறகு மெல்லக் கேட்டார்:

"தனியவே உப்பிடியெண்டால், நானும் இந்தப் பாரமும் ஏறியிருந்தால்?"

வேலையிடத்துக்கு அழைத்து, நாளைக்கு வர முடியாது என்று சொன்னேன். அன்று மாலை அந்தப் பெண்மணி வீட்டில் சூப் குடித்தோம். காற்றுச் சூடானால் இறக்கைக்குத் தூக்கும் பலம் குறைவதையும், ஈரப்புல் ஓட்டத்தைத் தடுப்பதையும் நான் விளக்கினேன். அப்படியா, அதற்குக் காரணம் அதுதானா என்று அவர் ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை குளிர்ந்து கிடந்தது. வெயில் ஏறிப் புல் காயும்வரை மட்டும் பொறுத்தோம். ஏரிப் பக்கமிருந்து எதிர்க்காற்றும் வந்தது. பாரத்தில் பாதியை அந்தப் பெண்மணியிடம் விட்டுவிட்டுக் கணவரோடு ஓடினேன். பாதித் தூரம் வருமுன்பே சில்லுகள் துள்ளின. மரங்கள் வெகு கீழே போயின.

அதற்குப் பிறகு எத்தனையோ புல்வெளிகளில் இறங்கியிருக்கிறேன். இறங்கியதும் அந்த இடத்தில் தினமும் நடமாடுகிற ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டுத்தான் மறு வேலை. உரிமம் என் பெயரில் இருந்தாலும் அந்த நிலத்தைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான் என்பதை, அன்று நான் உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொண்டேன்.